ஒரே கணத்தில் மூடும் சென்சார்: சோனி ஏ9 மார்க் 3 கிளப்பிவிட்ட சண்டை

2023 நவம்பர் 7-ஆம் தேதி சோனி ஏ9 மார்க் 3 கேமராவை அறிவித்தபோது எல்லோர் கண்ணிலும் முதலில் பட்டது ஒரே வரிதான்: முழு ஃபிரேம் (பழைய 35 மி.மீ. ஃபிலிம் அளவு சென்சார்) மிரர்லெஸ் கேமராவில் முதன்முறையாக குளோபல் ஷட்டர், அதாவது சென்சார் முழுவதும் ஒரே கணத்தில் படம் பிடிப்பது. நொடிக்கு 120 படம், 1/80,000 நொடி வரை ஷட்டர் வேகம், அந்த வேகத்திலும் ஃபிளாஷ் அடிக்கலாம். விளையாட்டுப் படம் எடுப்பவர்களும், வெயிலில் ஃபிளாஷோடு மாடல்களைப் படமெடுப்பவர்களும் குதித்தார்கள். அன்றைக்கே இன்னொரு கூட்டமும் வந்துவிட்டது. கீழே அடிப்படை ஐஎஸ்ஓ (ஒளிக்கான உணர்திறன் எண்) வழக்கமான 100 இல்லாமல் 250 என்று போட்டிருக்கிறதே, பார்த்தீர்களா? 6,000 டாலர் கொடுத்து 24.6 மெகாபிக்சல்தானா? நாய்ஸ், அதாவது படத்தில் விழும் புள்ளிப் புள்ளியான இரைச்சல், எப்படி இருக்கும்?

இரண்டு கூட்டமும் அடித்துக்கொண்டது ஒரே விஷயத்துக்காகத்தான் என்பது என் கட்சி. ஒவ்வொரு பிக்சலுக்குள்ளும் கூடுதலாக ஒரு துளி இடத்தை ஒதுக்கியிருக்கிறார்கள். இவர் கைதட்டியதும் அதனால்தான், அவர் உதட்டைப் பிதுக்கியதும் அதனால்தான்.

வழக்கமான சிமாஸ் சென்சார் எப்படி வேலை செய்கிறது என்று பார்த்துவிட்டால் மீதி சுலபம். ஒவ்வொரு பிக்சலிலும் ஒரு ஃபோட்டோடயோடு இருக்கிறது, ஒளி விழுந்தால் அதில் எலக்ட்ரான்கள் சேரும். சேர்ந்ததை எண்ணாக மாற்றும் சுற்று பிக்சலுக்கு ஒன்று என்று கிடையாது, பெரும்பாலும் ஒவ்வொரு நெடுவரிசைக்கும் பொதுவாகத்தான் இருக்கும். 24 மெகாபிக்சல் சென்சாரில் மேலிருந்து கீழாக ஏறக்குறைய 4,000 வரிசைகள், அத்தனையும் முறை போட்டுக்கொண்டு அந்தச் சுற்றுக்கு வந்தாக வேண்டும். முதல் வரிசையைப் படித்து முடித்தபின் இரண்டாவது, அப்புறம் மூன்றாவது. கடைசி வரிசைக்கு மட்டும் அதிக நேரம் ஒளி கிடைத்துவிடக் கூடாது என்பதற்காக, ஒளி வாங்கத் தொடங்குவதையும் இதே மாதிரி வரிசை வரிசையாகத் தள்ளித் தள்ளித் தொடங்குகிறார்கள். எல்லா வரிசைக்கும் கிடைப்பது ஒரே அளவு நேரம்தான், ஆனால் ஒரே நேரம் அல்ல. இதற்குத்தான் ரோலிங் ஷட்டர் என்று பெயர். ஜெராக்ஸ் எடுக்கும்போது விளக்கு நகர நகரத் தாளை இழுத்தால் எழுத்தெல்லாம் சாய்ந்து வருமே, அதேதான்.

பலர் தடுக்கி விழும் இடம் இது. "1/8,000-இல்தான் எடுத்தேன், அப்படியும் பேட் வளைந்திருக்கிறதே" என்பார்கள். ஷட்டர் வேகம் என்பது ஒரு வரிசை எவ்வளவு நேரம் ஒளி வாங்குகிறது என்ற கணக்கு. முதல் வரிசைக்கும் கடைசி வரிசைக்கும் நடுவில் எவ்வளவு நேரம் ஓடுகிறது என்பது வேறு கணக்கு, அதை நீங்கள் எந்த டயலைத் திருகியும் மாற்ற முடியாது. மெதுவான சென்சார்களில் இந்த இடைவெளி 1/15 நொடிகூட இருக்கும்.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். பேட்டின் நுனி மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் வீசப்படுகிறது, பேட் படத்தின் உயரத்தில் கால்வாசியை அடைத்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 1/15 நொடி சென்சாரில் பேட்டின் ஒரு முனையைப் படித்து மறுமுனையைப் படிப்பதற்குள் 1/60 நொடி போய்விடும், அதற்குள் நுனி கிட்டத்தட்ட 46 சென்டிமீட்டர் நகர்ந்திருக்கும். பேட் வாழைப்பழம் மாதிரி வருவதில் ஆச்சரியமே இல்லை. 2017-இல் வந்த முதல் ஏ9-இல் சென்சாருக்கு அடியிலேயே நினைவகத்தை ஒட்டிவைத்தார்கள், ஸ்டாக்டு சென்சார் என்பது இதைத்தான். படிக்கும் நேரம் ஏறத்தாழ 1/160 நொடிக்கு இறங்கியது, அதே பேட் நுனி இப்போது 4 சென்டிமீட்டர்தான் நகரும். உற்றுப் பார்த்தால் தெரியும், அவ்வளவுதான். 2021-இல் நிக்கான் இன்னும் ஒரு படி மேலே போய், இசட்9-இல் சென்சாருக்கு முன்னால் திறந்து மூடும் திரையான மெக்கானிகல் ஷட்டரையே கழற்றி எறிந்துவிட்டது. அப்போதும் இதே மாதிரி பயந்தார்கள், பிறகு பழகிவிட்டார்கள்.

மெக்கானிகல் ஷட்டரும் இந்த விஷயத்தில் யோக்கியம் கிடையாது. இரண்டு திரைகள், நடுவில் ஒரு இடுக்கு, அந்த இடுக்கு சென்சாரின் மேல் ஓடி முடிக்க மூன்று நான்கு மில்லி நொடி ஆகும். லார்டிக் என்ற பிரெஞ்சுக்காரர் 1910-களின் தொடக்கத்தில் எடுத்த பந்தயக் கார் படத்தில் சக்கரம் முட்டை வடிவத்தில் முன்னால் சாய்ந்திருக்கும், வேடிக்கை பார்ப்பவர்கள் எதிர்ப்பக்கம் சாய்ந்திருப்பார்கள். திரை மெதுவாக நகர்ந்ததால் வந்த கோளாறு, இன்றைக்கு அதைப் பார்த்தால் வேகத்தின் அடையாளம் போலத் தெரிகிறது!

குளோபல் ஷட்டர் செய்வது இதுதான். ஒவ்வொரு பிக்சலிலும் ஃபோட்டோடயோடுக்குப் பக்கத்தில் ஒளி புகாத ஒரு சின்னச் சேமிப்பிடம் வைக்கிறார்கள். எல்லாப் பிக்சலும் ஒரே கணத்தில் ஒளி வாங்கத் தொடங்கும், ஒரே கணத்தில் தன்னிடம் சேர்ந்ததை அந்தச் சேமிப்பிடத்துக்குத் தள்ளிவிடும். அதோடு படம் உறைந்துவிட்டது. அப்புறம் அதை வரிசை வரிசையாகப் படித்தால் யாருக்கு என்ன நஷ்டம்? இந்த வகை சென்சார்கள் பொதுவாக எல்லாவற்றையும் ஒரே அடியில் படித்துவிடுவதில்லை, ஒரே அடியில் பிடித்துவைத்துக்கொள்கின்றன. நொடிக்கு 120 படம் வேண்டுமென்றால் ஒரு படத்தைப் படிக்க 8 மில்லி நொடிக்குக் கொஞ்சம் மேலே கிடைக்கிறது, அதற்குள் முடித்தால் போதும்.

இது ஒன்றும் நேற்று முளைத்த யோசனை இல்லை. ஆலைகளில் கன்வேயரில் ஓடும் பொருளைச் சோதிக்கும் கேமராக்களில் குளோபல் ஷட்டர் பல வருடமாக இருக்கிறது. சினிமா கேமராக்களில் 2012-இல் அறிவித்த சோனி எஃப்55-உம், 2020-இல் ரெட் கொமோடோவும் இதோடு வந்தன. அதற்கும் முன்னால், சிசிடி என்ற பழைய வகை சென்சார் இருந்த காலத்தில், 2004-இல் வந்த நிக்கான் டி70 மெக்கானிகல் திரையோடு சென்சாரின் எலக்ட்ரானிக் ஷட்டரையும் சேர்த்துப் பயன்படுத்தியதால் 1/500 வரை ஃபிளாஷ் அடித்தது, இன்றைய விலை உயர்ந்த கேமராக்கள் பலவும் 1/250-இல் நின்றுவிடுகின்றன. முழு ஃபிரேம் அளவில், இத்தனை பிக்சலோடு, படத்தரம் ரொம்பக் கெடாமல் செய்வதுதான் இத்தனை நாள் யாருக்கும் கைகூடவில்லை.

சரி, விலை எங்கே? அந்தச் சேமிப்பிடத்தில்தான். அது பிக்சலுக்குள் இடத்தைப் பிடிக்கிறது, அதன்மேல் ஒளி கசியாமல் மறைப்பும் வேண்டும். அந்த அளவுக்கு ஃபோட்டோடயோடுக்கு இடம் குறையும், அது பிடித்துவைக்கக் கூடிய எலக்ட்ரான்களின் எண்ணிக்கையும் குறையும். சீக்கிரம் நிரம்பிவிடுகிற பிக்சலுக்கு அதிக ஒளி கொடுக்க முடியாது, கொடுத்தால் வானம் வெளுத்துவிடும். அதனால்தான் அடிப்படை ஐஎஸ்ஓ 100-இல் இல்லாமல் 250-இல் தொடங்குகிறது. 100-இல் எடுப்பதைவிட 250-இல் எடுக்கும்போது சென்சாருக்குக் கிடைக்கும் ஒளி இரண்டரை மடங்கு குறைவு. ஒளியின் இயல்பான நாய்ஸ் வர்க்கமூலக் கணக்கில் போவதால், சிறந்த நிலையில் கிடைக்கும் சுத்தம் ஏறத்தாழ 1.6 மடங்கு குறையும். நிலக்காட்சி எடுப்பவர்கள் முகம் சுளித்தது வெறும் பொறாமை இல்லை, அவர்களுக்கு இது நிஜமான நஷ்டம். ட்ரைபாடில் வைத்து, அசையாத மலையை ஐஎஸ்ஓ 100-இல் எடுத்து, நிழலைக் கணினியில் தூக்கிப் பார்ப்பவருக்குக் குளோபல் ஷட்டரால் ஒரு பைசா பிரயோசனம் இல்லை. கேமரா கைக்கு வந்தபின் சோதித்தவர்களும் டைனமிக் ரேஞ்ச் (ஒரே படத்தில் இருட்டும் வெளிச்சமும் சேர்ந்து பதியும் எல்லை) குறைவுதான் என்று சொன்னார்கள், ஆனால் அறிவிப்பு நாளில் பயந்த அளவுக்கு மோசமில்லை என்றும் சொன்னார்கள்.

எதிர்ப்பக்கம் போனால் ஃபிளாஷ்காரர்கள். நண்பகல் வெயிலில் லென்ஸை எஃப்/2-க்கு அகலத் திறந்து ஒரு முகத்தை எடுக்க வேண்டும், பின்னணி கரைய வேண்டும், ஃபிளாஷும் வேண்டும் என்றால், ஐஎஸ்ஓ 250-இல் 1/16,000 நொடி ஷட்டர் தேவைப்படும். திரை ஷட்டரில் 1/250-ஐத் தாண்டினாலே திரைகளுக்கு நடுவில் இடுக்குதான் இருக்கும், ஒரே மின்னலாக அடிக்கும் ஃபிளாஷ் படத்தின் ஒரு பட்டையில்தான் விழும். அதைச் சமாளிக்க ஹை ஸ்பீடு சிங்க் என்று ஃபிளாஷைப் படபடவெனப் பல துடிப்புகளாக அடிக்க வைப்பார்கள், அதில் பெரும்பகுதி ஒளி மூடிய திரையில் மோதி வீணாகிறது. குளோபல் ஷட்டரில் இந்த வித்தையே வேண்டாம். ஆனால் இங்கேயும் ஒரு சிக்கல் உண்டு, கைதட்டிய அவசரத்தில் பலர் இதைக் கவனிக்கவில்லை. பெரிய ஸ்டூடியோ ஃபிளாஷ் முழு சக்தியில் அடிக்கும்போது அது எரிந்து அடங்கவே ஆயிரத்தில் ஒரு பங்கு நொடி போல ஆகும். 1/80,000-இல் எடுத்தால் அந்த மின்னலில் ஒரு சின்னத் துண்டுதான் உள்ளே வரும், ஃபிளாஷ் மங்கிவிட்டதோ என்று தோன்றும். கேமரா வேகமாகிவிட்டது, ஃபிளாஷ் பழையதுதான்.

எல்.இ.டி பலகைகளும் அப்படித்தான். பவுண்டரி ஓரத்து விளம்பரப் பலகையில் வரிவரியாகக் கறுப்புப் பட்டை விழுந்த படங்களைப் பார்த்திருப்பீர்கள். பலகை நொடிக்குப் பலமுறை அணைந்து எரிகிறது, வரிசை வரிசையாகப் படிக்கும் சென்சார் அதைப் பட்டைகளாகப் பதிவு செய்கிறது. குளோபல் ஷட்டர் விளக்கின் சிமிட்டலால் வரும் பட்டையைப் போக்கும், சிமிட்டலைப் போக்காது: ஒரு படத்தில் பலகை பளிச்சென்று இருக்கும், அடுத்த படத்தில் மொத்தமும் மங்கியிருக்கலாம். ஆளே இல்லாத அரங்கில் விளையாடுகிற மாதிரி இருட்டுப் பின்னணி வேண்டுமென்றால் அதுவும் ஒரு வசதிதான்.

யார் பக்கம் நியாயம் என்று கேட்டால், அடுத்த ஆண்டு கம்பெனிகள் செய்ததைப் பாருங்கள். 2024 ஜூலையில் அறிவித்த கேனன் ஆர்1, நொடிக்கு 40 படம், 24 மெகாபிக்சல், ஆனால் ரோலிங் ஷட்டர்தான். அதைவிடச் சுவாரசியம் சோனியே செய்தது. 2024 நவம்பரில் ஏ1 மார்க் 2 என்று எல்லாவற்றுக்கும் மேலான மாடலை 6,500 டாலருக்கு அறிவித்தார்கள், 50 மெகாபிக்சல், ஐஎஸ்ஓ 100, குளோபல் ஷட்டர் இல்லை. கையில் இருக்கும் தொழில்நுட்பத்தை உச்சாணி மாடலில் வேண்டுமென்றே வைக்காமல் விட்டார்கள் என்றால், புலம்பிய கூட்டத்தின் கணக்கும் தப்பில்லை என்றுதானே அர்த்தம்.

இடப் பிரச்சினைக்கு ஒரு வழி தெரிகிறது. 2021 டிசம்பரில் சோனியின் சென்சார் பிரிவு ஃபோட்டோடயோடை ஒரு அடுக்கிலும், பிக்சலின் டிரான்சிஸ்டர்களை அதற்குக் கீழ் வேறு அடுக்கிலும் வைத்து, பிக்சல் தாங்கும் அளவை ஏறக்குறைய இரட்டிப்பாக்கியதாக அறிவித்தது. அது 2023-இல் எக்ஸ்பீரியா 1 மார்க் 5 போனில் வந்தது, ரோலிங் ஷட்டராகத்தான். அந்தச் சேமிப்பிடத்தையும் இதே மாதிரி கீழ் அடுக்குக்கு இறக்கிவிட முடிந்தால், முழு ஃபிரேமிலும் ஐஎஸ்ஓ 250-ஐ விட்டு 100-ஐ நோக்கி இறங்கலாம். அத்தனை பெரிய சிலிக்கான் தகட்டில் அடுக்குமேல் அடுக்காக ஒட்டி, பழுதில்லாமல் எடுத்து, அதற்கு எவ்வளவு பில் போடுவார்கள் என்பது தனிச் சண்டை.