இறந்தவருக்கான நினைவு ஆராதனையில் எந்த வேதபகுதியை வாசிப்பது?

"வழக்கமா வாசிக்கிறதையே போட்டுருங்க ஐயா" என்றுதான் பெரும்பாலான வீடுகளில் சொல்வார்கள். அச்சகத்தில் ஆராதனை முறைமைத் தாளுக்காகக் காத்திருப்பார்கள், வெளியூரிலிருந்து வருகிறவர்களுக்குச் சாப்பாட்டுக் கணக்கு ஒரு பக்கம் ஓடிக்கொண்டிருக்கும். அந்த அவசரத்தில் சங்கீதம் 90, 1 கொரிந்தியர் 15, யோவான் 14 என்று எழுதிக் கொடுத்துவிடுவோம். நானும் பல வருஷம் அப்படித்தான் கொடுத்தேன்.

சாலை விபத்தில் 31 வயதில் இறந்துபோன ஒரு தம்பியின் நினைவு ஆராதனை அது. சங்கீதம் 90-ஐ அவருடைய சித்தப்பா வாசித்தார். "எங்கள் ஆயுசுநாட்கள் எழுபது வருஷம், பெலத்தின் மிகுதியால் எண்பது வருஷமாயிருந்தாலும்" என்று பத்தாம் வசனம் வந்தபோது, முன்வரிசையில் இருந்த அம்மா சேலை முந்தானையைச் சுருட்டி வாயில் அழுத்திக்கொண்டார்கள். தோள்கள் மட்டும் குலுங்கின. அந்தப் பகுதியைக் குறித்துக் கொடுத்தவன் நான். அந்த வசனம் இருப்பது எனக்குத் தெரியாததல்ல. அந்த அம்மாவின் காதில் அது எப்படி விழும் என்று நினைத்துப் பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

அதிலிருந்து, பகுதியைத் தேர்ந்தெடுக்கும் முன் அந்த வீட்டுக்குப் போய் அரை மணி நேரமாவது உட்காருகிறேன். எப்படி இறந்தார்கள், முன்வரிசையில் யார் இருப்பார்கள் என்று விசாரிப்பேன். அப்புறம் இறந்தவருடைய வேதாகமம் இருக்கிறதா என்று கேட்பேன். பெரும்பாலும் இருக்கும். ஓரம் கிழிந்து, உள்ளே பழைய கல்யாணப் பத்திரிகையோ பேரப்பிள்ளையின் படமோ செருகியிருக்கும். சில வசனங்களுக்குக் கீழே பேனாவால் கோடு, பக்கத்தில் ஒரு தேதி. அந்தத் தேதியில் என்ன நடந்தது என்று வீட்டார் யோசித்துச் சொல்லும்போதே பாதித் தேர்வு முடிந்துவிடும்.

பெண்கள் இறந்தால் உடனே நீதிமொழிகள் 31 என்கிறோம். கல்யாணமே செய்யாமல் தையல் மிஷினை ஓட்டி அக்காள் பிள்ளைகளைப் படிக்க வைத்த ஒரு பெரியம்மாவுக்கு, புருஷனின் இருதயம் அவளை நம்பும் என்ற பகுதியை எப்படி வாசிப்பது? அவர்களுக்கு அப்போஸ்தலர் 9-ஐ எடுத்தோம். யோப்பா பட்டணத்தில் தபீத்தாள் என்னும் தொற்காள் இறந்ததும், விதவைகள் அழுதுகொண்டே அவள் தைத்துக் கொடுத்த துணிகளைப் பேதுருவிடம் காட்டுகிறார்கள். துக்க வீட்டில் நாமும் அதைத்தானே செய்கிறோம், "இது அவங்க தைச்சுக் கொடுத்தது" என்று. ஆனால் அந்தப் பகுதியில் தொற்காள் உயிரோடு எழுந்துவிடுகிறாள். சின்னப் பிள்ளைகள் இருக்கும் வீட்டில் அது இன்னொரு கேள்வியை எழுப்பும். அதனால் 39-ஆம் வசனத்தோடு நிறுத்திவிட்டு யோவான் 11-க்குப் போனோம்.

யோவான் 11-ஐப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். "நானே உயிர்த்தெழுதலும் ஜீவனுமாயிருக்கிறேன்" என்ற 25-ஆம் வசனத்தை மட்டும் எடுத்துக்கொள்கிறோம். அதற்கு முன்னால், சகோதரன் லாசருவைப் பறிகொடுத்த மார்த்தாள் இயேசுவிடம், நீர் இங்கே இருந்திருந்தால் என் சகோதரன் செத்திருக்க மாட்டானே என்று நேராகவே கேட்டுவிடுகிறாள். கொஞ்ச நேரத்தில் அவள் சகோதரி மரியாளும் அதையே சொல்கிறாள். இன்னும் ஒரு மணி நேரம் முன்னாடி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருந்தால் என்று இரவெல்லாம் புரளுகிற வீடு அந்தக் கேள்வியைக் கேட்கட்டும். 17-லிருந்து 36 வரைக்கும் வாசியுங்கள். "இயேசு கண்ணீர் விட்டார்" என்பது அதற்குள் வந்துவிடும்.

நான் ரொம்ப வற்புறுத்திச் சொல்வது, வசனத்தை யார் சொன்னது, எங்கே சொன்னது என்று பாருங்கள் என்பதுதான். "கர்த்தர் கொடுத்தார், கர்த்தர் எடுத்தார்" என்பது பிள்ளைகளைப் பறிகொடுத்த யோபு தன் வாயால் சொன்னது. அழுகிறவர் தானாக அதைச் சொன்னால் அது விசுவாசம். அவருக்குப் பதிலாக நாம் மைக்கில் சொன்னால், அழாதே என்று வாயை மூடுவதாகிவிடும். "அவர் காயப்படுத்திக் காயங்கட்டுகிறார்" என்பதை நினைவு அட்டைகளில்கூடப் போடுகிறார்கள். அது யோபு 5-இல் எலிப்பாஸ் பேசியது. நீங்கள் நிதானமாய்ப் பேசவில்லை என்று புத்தகத்தின் கடைசியில் தேவன் கோபித்துக்கொள்கிறாரே, யோபுவின் அந்த நண்பர்களில் ஒருவன்.

குழந்தை இறந்த வீட்டில் 2 சாமுவேல் 12:23 வேண்டாம். நான் பிள்ளையிடம் போவேன், அது என்னிடம் திரும்பி வராது என்று, தன் குழந்தை இறந்தபோது தாவீது சொல்வது கேட்க ஆறுதலாகத்தான் இருக்கும். ஆனால் அன்று ராத்திரி அந்தத் தாய் தனியாக உட்கார்ந்து அதே அதிகாரத்தைத் திறப்பாள். ஒன்பது வசனம் மேலே, தகப்பன் செய்த பாவத்துக்காகப் பிள்ளை சாகும் என்று இருக்கும். ஏசாயா 40:11-ஐ வாசியுங்கள். ஆட்டுக்குட்டிகளைத் தமது மடியிலே சுமப்பார் என்பதோடு அது முடிவதில்லை, "கறவலாடுகளை மெதுவாய் நடத்துவார்" என்று குட்டிக்குப் பால் கொடுக்கும் தாயையும் சேர்த்துச் சொல்கிறது.

தன் உயிரைத் தானே முடித்துக்கொண்டவருடைய வீட்டுக்கு ரோமர் 8:31-39 போதும். மரணமும் தேவனுடைய அன்பைவிட்டு நம்மைப் பிரிக்காது என்பதை அந்தக் குடும்பம் சபைக்கு முன்னால் கேட்க வேண்டும். நியாயத்தீர்ப்பைப் பற்றிய எந்தப் பகுதியும் அன்றைக்கு வேண்டாம்.

சம்பந்தி வீட்டார் கத்தோலிக்கராக இருந்தால் பெயர்க் குழப்பம் வரும். புராட்டஸ்டண்ட் சபையாரான நமக்குச் சங்கீதம், அவர்களுக்குத் திருப்பாடல். வெளிப்படுத்தின விசேஷம் அங்கே திருவெளிப்பாடு. அவர்கள் விரும்பிக் கேட்கும் சாலமோனின் ஞானம் 3 நம்முடைய வேதாகமத்தில் கிடையாது. அதனால் பகுதி முழுவதையும் தாளிலேயே அச்சடித்துவிடுவது நல்லது.

வாசிக்கப்போகும் பிள்ளைக்கும் பெரிய எழுத்தில் ஒரு பிரதி எடுத்து இரண்டு நாள் முன்பே கொடுங்கள். வெளியூரில் படிக்கும் பேத்தி "வாசஸ்தலங்கள்" என்ற இடத்தில் தடுமாறி நிற்பதைப் பார்த்திருக்கிறேன். ஒருமுறை சத்தமாக வாசித்துப் பார்க்கச் சொன்னால், எந்த வரியில் அழுகை வரும் என்பதும் தெரிந்துவிடும். பக்கத்தில் மாமாவோ அத்தையோ இன்னொரு பிரதியோடு நிற்கட்டும். குரல் உடைந்தால் தொடர்ந்து வாசிக்கலாம்.

வாசித்து முடித்த கையோடு பாட்டைத் தொடங்கிவிட வேண்டாம். அரை நிமிஷம் சும்மா விடுங்கள். கீபோர்டு வாசிக்கும் தம்பியிடம் அதை முன்னாலேயே சொல்லி வையுங்கள்.