‘தனித்த இரட்டை’ வேண்டாம், ‘பிணையா இணை’ என்போம்

போன வாரம் பேத்தி தன் பிளஸ் ஒன் வேதியியல் நோட்டோடு வந்து நின்றாள். அம்மோனியா படம் வரைந்திருந்தாள். நடுவில் நைட்ரஜன், கீழே மூன்று ஹைட்ரஜன், தலைக்கு மேல் ஒரே ஒரு புள்ளி.

“இன்னொரு புள்ளி எங்கே ஆத்தா?”

“அது தனி எலக்ட்ரான்தானே ஐயா? தனின்னா ஒண்ணுதானே?”

புள்ளி ஒவ்வொன்றும் ஓர் எலக்ட்ரான். பிணைப்பில் சேராமல் நிற்கும் அந்த இரண்டு எலக்ட்ரானைப் பாடப்புத்தகம் ‘தனித்த இரட்டை’ என்கிறது. டியூஷனில் அதை வாய்க்கு வசதியாகத் ‘தனி எலக்ட்ரான்’ என்று சுருக்கிவிட்டார்கள். காரைக்குடியிலும் தேவகோட்டையிலும் முப்பது வருஷம் வேதியியல் சொல்லிக்கொடுத்தவன் நான். இந்த ஒற்றைப் புள்ளியை எத்தனையோ விடைத்தாளில் பார்த்துவிட்டேன். பிள்ளைகள் மேல் குற்றமில்லை, சொல்தான் அவர்களை அங்கே கொண்டுபோய் விடுகிறது.

ஆங்கிலத்தில் இது ‘லோன் பேர்’. ‘அலோன்’ தலையிழந்து ‘லோன்’ ஆனது. ‘பேர்’ லத்தீனின் ‘பார்’, அதாவது சமம் என்பதிலிருந்து வந்தது. ஓர் அணுவின் வெளிக்கூட்டில் இருந்தும் பக்கத்து அணுவோடு பங்கு போடாத இரண்டு எலக்ட்ரான்களுக்கு இந்தப் பெயர். அணுக்களைப் பிணைப்பது எலக்ட்ரான் இணை என்று 1916-ல் சொன்னவர் கில்பர்ட் லூயிஸ். பங்கு போட்டது, போடாதது எல்லாம் சேர்த்து இணைகளின் எண்ணிக்கைதான் மூலக்கூறின் வடிவத்தைத் தீர்மானிக்கிறது என்று 1940-ல் சிட்ஜ்விக்கும் பவலும் எழுதினார்கள். 1957-ல் கில்லெஸ்பியும் நைஹோமும் அதை விரித்துக் கொள்கையாக்கினார்கள்.

அடுப்படியில் பிசைந்து வைத்த சப்பாத்தி மாவில் ஓர் உருண்டை எடுத்தேன். நாலு ஈர்க்குச்சி, நுனிக்கொரு சுண்டைக்காய். உருண்டை நடு அணு, குச்சி பிணைப்பு, சுண்டைக்காய் ஹைட்ரஜன். ஒன்றைவிட்டு ஒன்று முடிந்த அளவு விலகி நிற்கும்படி குத்தச் சொன்னேன். கொஞ்சம் திருப்பித் திருப்பிப் பார்த்துச் சரியாகவே குத்தினாள். அதுதான் மீத்தேன், குச்சிகளுக்கு இடையே கோணம் 109.5 டிகிரி. அப்புறம் ஒரு குச்சியைப் பிடுங்கிவிட்டு, அந்த இடத்தில் ஒரு பிஞ்சுக் கத்தரிக்காயை மாவோடு ஒட்ட வைத்தேன். கத்தரிக்காய்தான் பங்கு போடாத இணை. அதை ஒரே ஒரு அணுக்கருதான் இழுத்துப் பிடித்திருக்கிறது. அதனால் அது கருவுக்குப் பக்கத்திலேயே பருத்து, அதிக இடத்தை அடைத்துக்கொள்கிறது. மற்ற மூன்று குச்சிகளும் கீழே நெருங்க வேண்டியதுதான். அம்மோனியாவில் கோணம் 107 ஆகிவிடுகிறது. இரண்டு கத்தரிக்காய் வைத்தால் தண்ணீர், 104.5. அந்த அம்மோனியாவிடமே ஒரு ஹைட்ரஜன் அயனியைக் கொடுத்தால் கத்தரிக்காய் மறுபடி குச்சியாகிறது. அம்மோனியம் அயனியில் நாலும் பிணைப்புதான், கோணமும் 109.5-க்குத் திரும்பிவிடுகிறது.

சரி, ஒரு புள்ளி குறைந்தால் என்ன என்று கேட்கலாம். நைட்ரஜன் டையாக்சைடைப் பாருங்கள். அங்கே நைட்ரஜன் மேல் உண்மையிலேயே ஒரே ஒரு எலக்ட்ரான்தான் பிணையாமல் நிற்கிறது, கோணம் ஏறத்தாழ 134. இன்னொரு எலக்ட்ரான் சேர்ந்து நைட்ரைட் அயனி ஆனதும் அது முழு இணையாகி நெருக்க, கோணம் 115-க்கு இறங்குகிறது. இருந்த ஒன்றையும் எடுத்துவிட்டால் நைட்ரோனியம் அயனி, 180 டிகிரி நேர்கோடு. ஒன்றுக்கும் இரண்டுக்கும் இவ்வளவு வித்தியாசம் இருக்கும்போது, இரண்டையும் ‘தனி’ என்று ஒரே பையில் போடலாமா?

‘இரட்டை’தான் என்னை அதிகம் உறுத்துவது. எங்கள் பக்கம் மாட்டுவண்டிப் பந்தயத்தில் எத்தனை ஜோடி ஓடியது என்றுதான் கேட்பார்கள். ‘இரட்டை மாட்டு வண்டி’ என்றும் சொல்கிறோம், ஆனால் அங்கே இரட்டை என்பது வண்டிக்கு அடை. மாட்டைச் சொல்லும்போது ‘ஒரு ஜோடி மாடு’தான், ‘ஒரு இரட்டை மாடு’ என்று யாரும் சொல்லக் கேட்டதில்லை. வீட்டில் ‘இரட்டை’ என்று தனியாகச் சொன்னால் இரட்டைப் பிள்ளைதான் நினைவுக்கு வரும். புளியங்கொட்டையைக் கைக்குள் மூடிக்கொண்டு ‘ஒத்தையா ரெட்டையா’ ஆடினால், ஆறு கொட்டையும் ரெட்டைதான், எட்டும் ரெட்டைதான். இரண்டே இரண்டு, அதுவும் ஒன்றுக்கொன்று துணை என்பதை அந்தச் சொல் அழுத்திச் சொல்வதில்லை.

இதைவிடப் பெரிய வில்லங்கம் ஒன்று இருக்கிறது. புத்தகத்தில் ‘பிணைப்பு இரட்டை’ வருகிறது, ‘இரட்டைப் பிணைப்பு’ம் வருகிறது. முன்னதில் இரண்டு எலக்ட்ரான், பின்னதில் நாலு. சொல்லை முன்பின்னாக மாற்றிப் போட்டால் வேறு பொருள் என்று பதினாறு வயதுப் பிள்ளை தேர்வு அவசரத்தில் நிதானிக்குமா? மொழிபெயர்த்தவர் இரண்டு சொல்லையும் அடுத்தடுத்து ஒருமுறை வாய்விட்டுப் படித்திருந்தாலே போதும், மாற்றியிருப்பார். அகராதியைப் பார்த்துச் சொல்லுக்குச் சொல் வைக்கிறார்கள். வகுப்பில் கரும்பலகை முன்னால் நின்று அதைச் சொல்லிப் பார்ப்பவர் குறைவு. 1953-லிருந்து சிக்ரி என்கிற மத்திய மின்வேதியியல் ஆய்வகம் இயங்குகிற ஊர் எங்கள் காரைக்குடி. இங்கேயே பிள்ளைகள் தமிழில் வேதியியல் பேசத் தயங்கி ‘லோன் பேர்’ என்று ஒதுங்கிக்கொள்வதைப் பார்க்க மனசு கேட்கவில்லை.

இலங்கைத் தமிழர் ‘தனிச்சோடி’ என்று எழுதுகிறார்கள். ‘ஜோடி’ வடக்கிலிருந்து வந்த சொல்தான், ஆனாலும் ‘இரட்டை’யைவிட அது மேல், ஏனென்றால் இரண்டு என்பது அதில் மாறிப்போகாது. ஆனால் நமக்கே ‘இணை’ இருக்கிறது. இணைபிரியாதவர்கள் என்கிறோம், இணையடி என்கிறோம். லோன் என்பதன் கருத்து தனிமை இல்லை, பிணைப்பில் சேராமை. அதனால் ‘பிணையா இணை’. பிணைப்பில் இருப்பது ‘பிணைந்த இணை’. அம்மோனியா அம்மோனியம் ஆகும்போது நடப்பதைப் ‘பிணையா இணை பிணைந்த இணை ஆனது’ என்று ஒரே மூச்சில் சொல்லிவிடலாம். நைட்ரஜன் டையாக்சைடில் இருப்பதை ‘ஒற்றை எலக்ட்ரான்’ என்றால் தீர்ந்தது. ‘இணையா எலக்ட்ரான்’ என்று மட்டும் வைக்கக் கூடாது, ‘பிணையா’வோடு காதில் குழம்பும்.

ஒரு தடை நியாயமானது. ‘இணைதிறன்’ (ஆங்கிலத்தில் ‘வேலன்ஸ்’) என்பதில் ஏற்கெனவே ‘இணை’ இருக்கிறது. கில்லெஸ்பி, நைஹோம் கொள்கையின் முழுப்பெயரை ‘இணைதிறன் கூட்டு எலக்ட்ரான் இணை விலக்கக் கொள்கை’ என்று எழுதினால் இணை இரண்டு தடவை வரும். வரட்டும். முன்னது சேரும் திறன், பின்னது சேர்ந்த இரண்டு. படிப்பவருக்கு இடம் பார்த்து விளங்கும்.

தேர்வில் மட்டும் புத்தகத்தில் உள்ளதையே எழுதச் சொல்லியிருக்கிறேன், மார்க் போய்விடக் கூடாது. பேத்தி நோட்டில் இரண்டாவது புள்ளியை வைத்துவிட்டு, பக்கத்தில் பென்சிலால் ‘பி.இ.’ என்று எழுதிக்கொண்டாள்.