பெலோட்டான் என்றால் திரள்

சாலை சைக்கிள் பந்தயம் பார்க்க உட்கார்ந்தால் சில நிமிடங்களுக்கு ஒரு முறை காதில் விழுகிற சொல் பெலோட்டான். நூற்றுச் சொச்சம் வீரர்கள் தோளோடு தோள் உரசாத குறையாக நெருங்கி, ஒரே உடம்பு போலச் சாலையில் வருகிறார்களே, அந்த மொத்தத்துக்கும் அதுதான் பெயர். பிரான்சில் மூன்று வாரம் நாளுக்கொரு பந்தயமாக நடக்கும் டூர் டி பிரான்ஸ், 2024இல் தொடங்கிய அன்று அதில் 22 அணிகள், 176 பேர்.

சொல் பிரெஞ்சு. 'பெலோட்' என்றால் உருண்டை, பந்து. அதற்கும் மூலம், பந்தைக் குறிக்கும் 'பிலா' என்ற லத்தீன் சொல். உருண்டையின் பெயர், உருண்டையாகச் சேர்ந்து நிற்கும் சிப்பாய்க் கூட்டத்துக்குப் போனது. அங்கிருந்து ஆங்கிலத்துக்குப் போய் உருமாறியதுதான் என்.சி.சி.யிலும் போலீஸ் அணிவகுப்பிலும் நாம் கேட்கிற 'பிளாட்டூன்'. இரண்டும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள்.

சரி, தமிழில் என்ன சொல்வது? கூட்டம் என்றால் சாலையோரம் நின்று கைதட்டுகிறவர்களும் கூட்டம்தான், குழப்பம் வரும். குழு என்றால் அணியோ என்று தோன்றும். மந்தை என்று யாரும் எழுதிவிடக் கூடாது. ஒவ்வொருவரும் கணக்குப் போட்டு ஓட்டுகிற இடம் அது. என் கையில் இருக்கும் சொல் திரள்.

ஏன் என்றால், பிரெஞ்சுச் சொல் நடந்த அதே வழியில் நம் சொல்லும் தானாகவே நடந்திருக்கிறது. திரளை என்றால் உருண்டை. வெண்ணெய் திரளும். மக்கள் திரள்வார்கள். அரசன் படை திரட்டுவான். உருண்டை, கூட்டம், படை என மூன்று பொருளும் ஒரே வேரில் இருக்கின்றன. திரட்டுப்பால் கிளறிப் பார்த்தவர்களுக்கு இது கண்ணுக்கே தெரியும்: கரண்டியை விடாமல் கிளற, தளதளவென்று கிடந்த பால் ஒரு கட்டத்தில் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு, பாத்திரத்தின் ஓரத்தை விட்டுச் சுருண்டு வரும். மலை இறங்கியதும், துண்டு துண்டாகச் சிதறிய வீரர்கள் சமவெளியில் மறுபடி ஒன்றுசேர்வதை ஹெலிகாப்டர் காட்சியில் பாருங்கள். அதேதான். இன்னொரு வசதி, பெலோட்டான் வெறும் பெயர்ச்சொல். நமக்கு வினையும் கிடைக்கிறது: திரண்டார்கள், மறுபடி திரண்டார்கள்.

அவர்கள் திரள்வது காற்றுக்காக. வேகமாகப் போகும் சைக்கிள்காரரின் உழைப்பில் பெரும் பங்கைக் காற்று தின்றுவிடும். முன்னால் ஒருவர் இருந்தால் அந்தக் காற்றை அவர் வாங்கிக்கொள்வார். 121 பேர் கொண்ட ஒரு மாதிரித் திரளை வைத்து ஐன்ட்ஹோவன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2018இல் கணக்கிட்டார்கள். திரளின் நடுப்பின் பகுதியில் ஒளிந்திருப்பவருக்கு, தனியாக ஓட்டுகிறவர் சந்திக்கும் காற்றுத் தடையில் 5 முதல் 10 சதவீதம்தான். இதைத் தெரிந்துகொண்ட பிறகுதான் திரளை விட்டு ஒருவர் தனியே பிரிந்து ஓடுவது எவ்வளவு பெரிய துணிச்சல் என்று எனக்குப் புரிந்தது.

அந்தத் துணிச்சலுக்குப் பெயர் போனவர் பெல்ஜியத்தின் எடி மெர்க்ஸ். 1969 டூரில், மொத்த நேரத்தில் முதலிடத்தில் இருப்பவர் அணியும் மஞ்சள் சட்டையும் எட்டு நிமிட முன்னிலையும் கையில் இருக்கும்போதே, துர்மலே கணவாயில் எல்லாரையும் விட்டுவிட்டு, மூராங்ஸ் வரை 130 கிலோமீட்டருக்கு மேல் தனியாக ஓட்டிப்போய் வென்றார். டூரில் அவர் வென்ற தினக்கட்டங்கள், அதாவது ஒரு நாள் ஓட்டங்கள், 34. 1977இல் ஆறாவதாக முடித்தார். 1978 மே மாதம், 33 வயது நிறையும் முன்பே, ஓய்வை அறிவித்தார்.

அந்த 34ஐத் தாண்டியவர் நேர் எதிரான ஆள். மான் தீவில் பிறந்த மார்க் கேவண்டிஷ் கடைசி இருநூறு மீட்டர் பாய்ச்சல்காரர். மலை அவருக்கு ஆகாது. நாள் முழுக்கத் திரளுக்குள் பொத்திப் பாதுகாக்கப்பட்டு, முடிவுக்கோடு தெரியும்போது மட்டும் வெளியே வருவார். 2008இல் ஷாத்தோருவில் முதல் வெற்றி; 2021இல் 34ஆவது. ஓய்வு என்று அறிவித்துவிட்டு வந்த 2023இல் விழுந்து காறை எலும்பு முறிந்தது. மனம் கேட்காமல் இன்னோர் ஆண்டு ஓட்டினார்.

2024 ஜூன் 29, டூரின் முதல் நாள், இத்தாலியின் ஃபுளோரன்சிலிருந்து ரிமினி. கொளுத்துகிற வெயில். தொடக்கத்து ஏற்றத்திலேயே, வாந்தி எடுத்தபடி, திரளிலிருந்து உதிர்ந்தார். ஆம், உதிர்வது என்றே எழுதலாம். பழம் கிளையிலிருந்து விழுவதுபோல ஓசையில்லாமல் நடக்கும் அது. அணித் தோழர்கள் சிலர் வேகத்தைக் குறைத்து அவரோடு வந்தார்கள். நேர வரம்புக்குள் முடிக்காவிட்டால் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். அப்படிப் பின்தங்கியவர்கள் ஒருவரை ஒருவர் இழுத்துக்கொண்டு வரும் கூட்டத்துக்கு இத்தாலியில் 'க்ருப்பெத்தோ', சிறு கூட்டம் என்று பெயர். நாம் சிறுதிரள் எனலாம். திரளின் அன்பு எனக்குத் தெரிவது அங்கேதான். வெற்றி வாய்ப்பு இல்லாத இடத்திலும் காற்றைப் பங்குபோட்டுக்கொள்கிறார்கள்.

நான்கு நாள் கழித்து, ஜூலை 3, பிரான்சின் சேன்வுல்பாஸ் ஊர். கடைசிக் கிலோமீட்டரில் வழிநடத்த ஆள் இல்லாமல், ஒருவர் முதுகுக்குப் பின்னிருந்து இன்னொருவர் முதுகுக்குப் பின் தாவித் தாவி, இடைவெளி கிடைத்த நொடியில் பாய்ந்தார். பெல்ஜியப் பாய்ச்சல்காரர் ஃபிலிப்சன் இரண்டாவது. 39 வயதில் 35ஆவது வெற்றி. நான் நாற்காலியை விட்டு எழுந்து நின்றுவிட்டேன்.

அவருடைய கடைசிப் பந்தயம் நவம்பர் 10 அன்று, தமிழ் ஆட்சிமொழியாக இருக்கும் சிங்கப்பூரில் நடந்தது. அந்தச் செய்தியை நான் தமிழில் இப்படி எழுதுவேன்: கடைசிச் சுற்றில் திரளோடு வந்த கேவண்டிஷ், கோட்டுக்குச் சற்று முன் அதைவிட்டு வெளியே வந்து வென்றார், இனி அவர் திரளுக்குத் திரும்பமாட்டார்.