87 மடங்கு சுருங்காத வெளிச்சம்

மாதிரி ரயில் பாதை அமைப்பதில் ஈடுபாடுள்ள வாசகர் ஒருவர் கேட்கிறார்: “நிஜ சிக்னலின் வரைபடத்தை வைத்துக்கொண்டு கம்பம், ஏணி, விளக்குக் கூடு எல்லாவற்றையும் அளவு பிசகாமல் செய்தேன். விளக்கு எரியாதவரை அசல் போலவே இருக்கிறது. எரியவிட்டதும் பொம்மையாகிவிடுகிறது. எங்கே தப்பு?”

தப்பு அவர் கைவேலையில் இல்லை. எச்ஓ எனப்படும் 1:87 அளவில் 1435 மி.மீ. அகலப் பாதை 16.5 மி.மீ. ஆகிறது. பெட்டி சுருங்குகிறது, கம்பம் சுருங்குகிறது, நடைமேடையில் நிற்கும் ஆளும் இரண்டு செ.மீ. உயரத்துக்கு வந்துவிடுகிறார். ஆனால் கடையில் வாங்கிய விளக்கின் பிரகாசம், அது அணைய எடுக்கும் நேரம், புவியீர்ப்பு, எல்லாவற்றுக்கும் மேலாகப் பார்க்கிற நம் கண், இவை எவையும் தாமாகச் சுருங்குவதில்லை. ஒவ்வொன்றையும் தனித்தனியாகச் சரிக்கட்ட வேண்டும்.

முதலில் பிரகாசம். 60 செ.மீ. தள்ளி நின்று மாதிரியைப் பார்ப்பவர், உண்மையில் 52 மீட்டர் தொலைவில் நிற்பவர் போல. தொலைவு இரட்டிப்பானால் கண்ணை எட்டும் ஒளி நான்கில் ஒன்றாகும் என்ற பள்ளிக்கூட விதியைத் திருப்பிப் போட்டால், 87-இன் வர்க்கம், அதாவது 7569-இல் ஒரு பங்கு ஒளி போதும். இதில் இன்னொன்றும் உண்டு: நிஜ சிக்னல் தன் ஒளியை லென்ஸால் குவித்து எதிரே வரும் ஓட்டுநரின் கண்ணுக்குத்தான் அனுப்புகிறது. நாமோ பெரும்பாலும் பக்கவாட்டில் நின்று பார்க்கிறோம். அங்கே அது இன்னும் மங்கல். 20 மில்லிஆம்பியரில் எல்இடியை எரியவிட்டுவிட்டு நிஜம் போல் இல்லையே என்று வருந்துவதில் பயனில்லை. ஒரு மில்லிஆம்பியரில் தொடங்குங்கள். இருட்டில் பார்ப்பதானால் அதையும் குறைக்க வேண்டியிருக்கும். 5 மி.மீ. எல்இடி வேண்டவே வேண்டாம், 87-ஆல் பெருக்கினால் அது 43 செ.மீ. அகல விளக்கு. 0603 என்ற எண்ணுள்ள, கம்பிக்கால் இல்லாத பரப்பொட்டு எல்இடி 1.6 மி.மீ. நீளம், 0.8 மி.மீ. அகலம்தான். தலைமுடி பருமனுள்ள எனாமல் கம்பியை அதில் சாலிடர் செய்யக் கை நடுங்காத பொறுமை வேண்டும், அவ்வளவே.

மின்தடைக் கணக்கு எளிது. 12 வோல்ட் மூலம், சிவப்பு எல்இடியில் விழுவது சுமார் 2 வோல்ட், மீதி 10 வோல்ட். ஒரு மில்லிஆம்பியருக்கு 10 கிலோஓம். பச்சையில் சுமார் 3 வோல்ட் விழும் என்பதால் 9 கிலோஓம் போட்டால், சிவப்பைத் தூக்கிச் சாப்பிடும் அளவுக்குப் பச்சை கண்ணைக் கூசும். நம் கண்ணின் உணர்திறன் பச்சையில்தான் உச்சம், 555 நானோமீட்டர் அருகே. ஆகவே பச்சைக்குக் கணக்கில் வருவதைவிடப் பல மடங்கு பெரிய மின்தடை தேவை. மூன்று நிறத்துக்கும் சேர்த்து ஒரே மின்தடை போடுவது சோம்பேறித்தனம், பார்த்த உடனே தெரிந்துவிடும்.

நிறமும் முக்கியம். பழைய வகைப் பச்சை எல்இடி 565 நானோமீட்டர் பக்கம் ஒளிரும். மஞ்சள் கலந்த இலைப்பச்சை அது. நிஜ சிக்னலின் பச்சையில் நீலம் தெரியும், 505 நானோமீட்டரை ஒட்டி. மண்ணெண்ணெய் விளக்கின் சுடரில் மஞ்சள் அதிகம். அதன் முன்னால் நீலம் தோய்ந்த கண்ணாடியை வைத்தால்தான் வெளியே பச்சையாக வரும் என்பதில் தொடங்கிய மரபு. அந்த நிறத்தை எல்இடியில் தருவது காலியம் நைட்ரைடு என்ற குறைக்கடத்திக் குடும்பம். 1970-களிலும் 80-களிலும் பல ஆய்வுக்கூடங்கள் இந்தப் பொருள் தேறாது என்று விட்டுவிட்டுப் போனபோது, இசாமு அகாசாகியும் ஹிரோஷி அமானோவும் விடாமல் பிடித்துக்கொண்டிருந்தார்கள். ஷுஜி நகமுரா 1990-களின் தொடக்கத்தில் அதைப் பிரகாசமான நீல விளக்காக்கினார். மூவருக்கும் 2014-இல் இயற்பியல் நோபல் கிடைத்தது. ‘மூன்று ஆண்டில் என்ன பயன்?’ என்று படிவத்தில் கட்டம் போட்டுக் கேட்கும் ஆய்வு நிதிக் குழுக்களிடம் இந்தப் பொருள் பிழைத்திருக்காது என்பது என் எண்ணம். பலன் உறுதியான ஆய்வுக்கு மட்டும்தான் பணம் என்றால், அதை ஆய்வு என்று ஏன் அழைக்க வேண்டும்?

சரி, எனக்கு மிகப் பிடித்த இடத்துக்கு வருகிறேன்: விளக்கு எப்படி அணைகிறது?

எல்இடியில் மின்சாரம் நின்றால் மைக்ரோவினாடிக்கும் குறைவான நேரத்தில் ஒளி நின்றுவிடும். சிவப்பு மறைந்து பச்சை வருவது கத்தியால் வெட்டியது போல் இருக்கும். நிஜத்திலும் இப்போது பல நாடுகளில் எல்இடி சிக்னல்கள் வந்துவிட்டன. இன்றைய பாதையை மாதிரியாக்குபவருக்கு இந்த வெட்டு சரியே. ஆனால் பெரும்பாலானவர்கள் செய்ய விரும்புவது டங்ஸ்டன் இழை எரிந்த காலத்துப் பாதையை. அந்த விளக்கு வெட்டுப்பட்டு அணைவதில்லை. ஆறி அணைகிறது.

சிக்னல் விளக்குகள் பெரும்பாலும் 12 வோல்ட்டில் எரிந்தவை. குறைந்த வோல்ட்டில் அதே திறனைப் பெற அதிக மின்னோட்டம் வேண்டும், அதற்குத் தடித்த இழை வேண்டும். தடித்த இழை வெப்பத்தை அதிக நேரம் வைத்துக்கொள்ளும். எனவே வீட்டு குண்டு பல்பைவிட நிதானமாக ஆறும். இழை கிட்டத்தட்ட 2700 கெல்வினில் எரிகிறது என்று வைத்துக்கொள்வோம். மின்சாரத்தை நிறுத்திய சிறிது நேரத்தில் அது 2000 கெல்வினுக்கு இறங்குகிறது. வெப்பநிலையின் நான்காம் அடுக்கைச் சார்ந்தது மொத்தக் கதிர்வீச்சு என்பதால், அது இப்போது முன்பிருந்ததில் 30 சதவீதம். கண்ணுக்குத் தெரியும் ஒளி மட்டும் அந்த விகிதத்தில் நிற்பதில்லை. சிவப்பு லென்ஸ் வழியே வரும் 630 நானோமீட்டர் ஒளி சுமார் 19-இல் ஒரு பங்காகிறது. பச்சை லென்ஸ் வழியே வரும் 500 நானோமீட்டர் ஒளியோ சுமார் 42-இல் ஒரு பங்கு!

சூடான பொருள் எந்த அலைநீளத்தில் எவ்வளவு ஒளிரும் என்று சொல்லும் பிளாங்கின் கதிர்வீச்சு விதியிலிருந்து நேராக வரும் எண்கள் இவை. அலைநீளம் குறையக் குறைய, வெப்பநிலை சரிவது அந்த ஒளியைக் கடுமையாகத் தாக்கும். ஒரே இழை, ஒரே வேகத்தில் ஆறுகிறது. இருந்தும் பச்சை லென்ஸுக்குப் பின்னால் அது சட்டென்று போகிறது, சிவப்பு லென்ஸுக்குப் பின்னால் தயங்கித் தயங்கிப் போகிறது. ஆற ஆறக் கதிர்வீச்சு குறைவதால் ஆறும் வேகமும் குறைகிறது, வால் நீள்கிறது. திடப்பொருள் எதுவானாலும் ஏறத்தாழ 525 டிகிரி செல்சியஸில்தான் மங்கிய சிவப்பாக ஒளிரத் தொடங்கும் என்று ஜான் டிரேப்பர் 1847-இல் கண்டறிந்தார். இறங்கும்போது அந்த எல்லையைக் கடக்கும்வரை ஒரு துளி சிவப்பாவது மிச்சமிருக்கும். பச்சை லென்ஸ் அந்தத் துளியையும் வெளியே விடாது.

ஏற்றுவதில் வேறு கதை. குளிர்ந்த டங்ஸ்டனின் மின்தடை சூடானபோது இருப்பதில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. ஆகவே தொடக்கத்தில் மின்சாரம் வெள்ளமாகப் பாயும், இழை வேகமாகச் சூடேறும். ஆனாலும் முதல் சில கணங்களுக்குச் சூடு மட்டும் ஏறும், ஒளி வராது. சிவப்பிலிருந்து பச்சைக்கு மாறும் நொடியைப் பழைய ரயில் நிலையத்தில் கவனித்தவர்களுக்குத் தெரியும்: சிவப்பின் வால் முடியுமுன் பச்சை கண் விழிக்கிறது, நடுவே ஒரு மங்கலான இடைவெளி. முழுதும் இருள் இல்லை, ஒளியும் இல்லை. இந்தக் கால் நொடிதான் பொம்மையை அசலாக்குகிறது. ஏணியின் கைப்பிடியை மெல்லியதாக்கச் செலவழித்த மாலைப் பொழுதுகளில் ஒன்றை இதற்குத் தரலாம்.

எல்இடியில் இதை எப்படிச் செய்வது? ஆர்டுயினோ போன்ற மைக்ரோகண்ட்ரோலர், அதாவது நிரல் எழுதி இயக்கும் குட்டிக் கணினி, எல்இடியை நொடிக்கு 490 முறை எரியவிட்டு அணைக்கும். கண்ணால் அந்தத் துடிப்பைப் பிரித்துப் பார்க்க முடியாது. மொத்த நேரத்தில் எரியும் நேரத்தின் பங்கே பிரகாசமாகத் தெரியும். இதற்கு 0 முதல் 255 வரை படிகள் உண்டு. பலரும் 255-இலிருந்து 0 வரை சீராக இறக்கிவிடுகிறார்கள். அது இயல்பாக இருக்காது, ஏனென்றால் கண் வித்தியாசத்தைப் பார்ப்பதில்லை, விகிதத்தைப் பார்க்கிறது. 255-இலிருந்து 200-க்கு வந்தது அதற்கு உறைக்காது. 2-இலிருந்து 1-க்கு இறங்கினால் பாதியாகிவிட்டதே என்று திடுக்கிடும்.

நான் பரிந்துரைக்கும் வழி, விளக்கைப் பாவனை செய்யாமல் இழையைப் பாவனை செய்வது. நிரலில் ஒவ்வொரு விளக்குக்கும் ‘வெப்பநிலை’ என்று ஒரு எண் வையுங்கள். பத்து மில்லிவினாடிக்கு ஒருமுறை, அதன் நான்காம் அடுக்குக்கு ஏற்ப அதைக் குறையுங்கள். விளக்கு எரிய வேண்டிய நேரமானால் கொஞ்சம் கூட்டுங்கள். அந்த வெப்பநிலைக்கு எவ்வளவு ஒளி என்பதைச் சிவப்புக்கும் பச்சைக்கும் தனித்தனி அட்டவணையாக முன்பே கணக்கிட்டு வைத்துக்கொள்ளலாம். மங்கல், வால், இடைவெளி எல்லாம் தாமாக வந்து சேரும். 256 படி அடிமட்டத்தில் போதாமல் திக்கித் திக்கி இறங்கும். 4096 படியுள்ள சில்லு கிடைத்தால் அதையே எடுங்கள். நிரல் எழுத மனமில்லாதவர்கள் எல்இடியும் ஒரு கிலோஓம் மின்தடையும் சேர்ந்த தொடருக்கு இணையாக 470 மைக்ரோபாரட் மின்தேக்கியை வைத்துப் பாதி அழகைப் பெறலாம்.

கம்பத்தில் கையை ஏற்றி இறக்கிச் சைகை காட்டும் பழைய கைகாட்டி சிக்னலை வைப்பவர்களுக்கு இடையூறு செய்வது புவியீர்ப்பு. நிஜக் கைகாட்டியின் கை தன் எடையால் விழுகிறது. 87-இல் ஒரு பங்கு நீளமுள்ள கையை அப்படியே விழவிட்டால் நேரம் 87-இன் வர்க்கமூலத்தால் சுருங்கும், அதாவது ஒன்பது மடங்குக்கு மேல் வேகமாகப் பட்டென்று விழும். அதனால் சொன்ன கோணத்துக்குத் திரும்பி நிற்கும் சர்வோ மோட்டாரால் பிடித்து இறக்க வேண்டும். சிக்னல் அறையிலிருந்து நூற்றுக்கணக்கான மீட்டர் ஓடும் கம்பி இழுபட்டு நீள்வதால் கை முதலில் சற்றுத் தயங்கும். திரும்பும்போது தடுப்பில் மோதி இரண்டு முறை துள்ளும். இரண்டையும் நிரலில் எழுதுங்கள். துள்ளலை மிகைப்படுத்த வேண்டாம், கேலிக்கூத்தாகிவிடும்.

பெட்டிகளுக்குள் விளக்கு போடுபவர்களுக்கு: பழைய நேர்மின் முறையில் தண்டவாள வோல்ட்தான் வேகம், ஆகவே பயணிகள் ஏறி இறங்க வண்டி நிற்கும் நேரம் பார்த்து விளக்கு அணைந்துவிடும். டிசிசி என்ற டிஜிட்டல் முறையில் தண்டவாளத்தில் எப்போதும் முழு வோல்ட் இருப்பதால் இந்தத் தொல்லை இல்லை. சக்கரத்து அழுக்கால் வரும் சிமிட்டலை ஒரு பாலத் திருத்தியும் (மின்சாரத்தை ஒரே திசையாக்கும் உறுப்பு) மின்தேக்கியும் சரிசெய்யும். கட்டடங்களுக்கு வெதுவெதுப்பான வெள்ளை, 2700 கெல்வின். பிளாஸ்டிக் சுவரே ஒளிராமல் இருக்க உட்புறம் கறுப்புப் பூச்சு. இவ்வளவு போதும்.

கடைசியாக, சிக்னலுக்கு எப்போது மாற வேண்டும் என்று யார் சொல்வது? நிஜப் பாதையில் தண்டவாளமே சொல்கிறது. வில்லியம் ராபின்சன் 1872-இல் காப்புரிமை பெற்ற தடச்சுற்று இது. தண்டவாளத்தின் ஒரு முனையில் மின்கலம், மறுமுனையில் ரிலே என்ற மின்காந்தச் சுவிட்சு. பாதை காலியாக இருந்தால் மின்சாரம் ரிலேயைத் தூக்கிப் பிடிக்கும், பச்சை. வண்டி வந்தால் சக்கரமும் அச்சும் இரு தண்டவாளங்களையும் இணைத்துவிடும், ரிலே பட்டினியாகி விழும், சிவப்பு. தண்டவாளம் விரிசல் விட்டு உடைந்தாலும், கம்பி அறுந்தாலும், மின்கலம் தீர்ந்தாலும் ரிலே விழும், சிவப்புதான்.

மாதிரிப் பாதையில் இது தலைகீழ். தண்டவாளத்தில் ஓடுவது இன்ஜினுக்கான மின்சாரம். பாதையைப் பல பகுதிகளாகப் பிரிக்கிறோம்; ஒரு பகுதிக்குள் மின்னோட்டம் இருந்தால் அங்கே வண்டி இருக்கிறது என்று அர்த்தம். இன்ஜின் இல்லாத பெட்டியும் தெரிய வேண்டுமென்று அச்சில் 10 கிலோஓம் மின்தடையை ஒட்டுகிறோம். கம்பி அறுந்தால்? மின்னோட்டம் இல்லை, ஆகவே காலி, ஆகவே பச்சை. நிஜத்தில் ஆளைக் கொல்லும் தர்க்கம் இது. மேசைமேல் யாரும் சாகப் போவதில்லை என்றாலும் எனக்கு இது உறுத்துகிறது.

தீர்வு உண்டு. மின்னோட்டத்தைக் கவனிக்கும் உணரிப் பலகை ‘காலி’ என்ற செய்தியை ஓயாமல் அனுப்பிக்கொண்டே இருக்கட்டும். ஒரு நொடிக்கு அது வராவிட்டால் சிக்னல் தானாகச் சிவப்பாகட்டும். தண்டவாள இணைப்பு அறுந்தால் பலகைக்குத் தெரியாதே என்பீர்கள். பகுதியின் தொலை முனையில் தண்டவாளங்களுக்குக் குறுக்கே நிரந்தரமாக ஒரு பெரிய மின்தடையை வையுங்கள், 47 கிலோஓம் என்று வைத்துக்கொள்ளலாம். பாதை காலியாக இருக்கும்போதும் மிகச் சிறிய மின்னோட்டம் ஓடும். அது இருந்தால் காலி, அதைவிட அதிகமானால் வண்டி, அறவே இல்லாவிட்டால் பழுது, பின்னிரண்டுக்கும் சிவப்பு. பாதை முழுவதையும் இணைத்து முடித்ததும் ஒவ்வொரு பகுதியாகக் கம்பியைக் கழற்றிப் பாருங்கள். எங்காவது பச்சை எரிந்தால் அந்தப் பகுதியின் நிரலைத் திருத்திவிட்டு வண்டியை விடுங்கள்.