யாட்: உல்லாசப் படகா, வேட்டைப் படகா?

யாட் (yacht) என்றதும் பணக்காரர்கள் மேல்தளத்தில் கறுப்புக் கண்ணாடியோடு சாய்ந்திருக்கும் வெள்ளைப் படகுதான் பலருக்கும் நினைவுக்கு வரும். பத்திரிகைகளும் யோசிக்காமல் 'உல்லாசப் படகு', 'சொகுசுப் படகு' என்று எழுதிவிட்டுப் போய்விடுகின்றன. 'கமாஞ்சி' மாதிரி ஒரு பந்தய யாட்டை அப்படி எழுதினால், அதில் வேலை செய்பவர்கள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள்.

கமாஞ்சி 100 அடி நீளம், உடம்பெல்லாம் கார்பன் இழை. அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் கட்டி 2014இல் கடலில் இறக்கினார்கள். 2017இல் ஆஸ்திரேலியாவின் சிட்னி-ஹோபார்ட் பந்தயத்தில் 628 கடல் மைலை 33 மணி 15 நிமிடத்தில் கடந்தது, அதாவது வெறும் காற்றை நம்பி மணிக்குச் சராசரியாக 35 கிலோமீட்டர். இவ்வளவு பணம் போட்டுக் கட்டியதாயிற்றே என்று கீழே இறங்கிப் பார்த்தால் மெத்தையும் இல்லை, மர வேலைப்பாடும் இல்லை. மொட்டைக் கறுப்புச் சுவர், குழாய்ச் சட்டத்தில் துணியை இழுத்துக் கட்டிய படுக்கை, அவ்வளவுதான். வேகமாகப் போகும்போது அணியம், அதாவது முன்முனை, அலையில் அறைந்தால் உள்ளே முரசுக்குள் உட்கார்ந்திருப்பது போல இருக்கும். மேலே ஆட்கள் காற்று வரும் பக்க விளிம்பில் வரிசையாகக் கால்களை வெளியே தொங்கவிட்டு உட்கார்ந்திருப்பார்கள், பாயைத் திருப்பினால் எல்லாரும் எழுந்து மறுபக்கம் போக வேண்டும், அவிழ்க்காத பாய் மூட்டைகளையும் இழுத்துக்கொண்டு போய் அங்கே அடுக்க வேண்டும், நனைந்த பாய் என்ன கனம் கனக்கும் என்று சொல்லவேண்டாம். இதில் உல்லாசம் எங்கே?

சொல்லின் வேரைப் பார்த்தால் அங்கேயும் உல்லாசம் இல்லை. டச்சு மொழியில் 'யாக்ட்' என்றால் வேட்டை, துரத்தல். கரையோரமாக எதிரியை விரட்டிப் பிடிக்கவும் அவசரச் சேதி கொண்டுபோகவும் டச்சுக்காரர்கள் வைத்திருந்த விரைவான சிறு கப்பல்களுக்கு அந்தப் பெயர். 1660இல் ஆம்ஸ்டர்டாம் நகரத்தார் இங்கிலாந்து மன்னர் இரண்டாம் சார்லஸுக்கு 'மேரி' என்று ஒன்றைப் பரிசளித்தார்கள். மன்னருக்குப் பித்துப் பிடித்துவிட்டது. அடுத்த ஆண்டே தம்பி ஜேம்ஸோடு 100 பவுண்டு பந்தயம் கட்டித் தேம்ஸ் நதியில் கிரீன்விச்சிலிருந்து கிரேவ்சென்ட் வரை போய்த் திரும்பினார். வேட்டைக் கப்பல் பொழுதுபோக்குக் கப்பல் ஆனது இப்படித்தான். பின்னாளில் இயந்திரம் வைத்த மாளிகைகளுக்கும் அதே பெயர் ஒட்டிக்கொண்டது. சூப்பர்யாட் என்பது பெரும்பாலும் நீளக் கணக்கு; 24 மீட்டரைத் தாண்டினால் அப்படிச் சொல்கிறார்கள். கமாஞ்சி 30 மீட்டருக்கு மேல், ஆனால் பந்தயக்காரர்கள் அதை 'சூப்பர்மேக்ஸி' என்பார்கள்.

சரி, தமிழில் என்ன சொல்வது? பொருளை மட்டும் பார்த்தால் 'திமில்' கச்சிதம். சங்கப் பாடல்களில் பரதவர் திமிலில்தான் கடலுக்குப் போவார்கள், மீன்பிடிப்பதையும் அங்கே 'வேட்டம்' என்றே சொல்கிறார்கள். ஆனால் இன்று 'நூறு அடித் திமில்' என்று எழுதினால் படிப்பவருக்கு ஜல்லிக்கட்டுக் காளைதான் கண்ணுக்குத் தெரியும். 'நாவாய்' பெருங்கப்பல், விரைவு அதில் வராது. 'பாய்மரப் படகு' பேச்சிலும் செய்தியிலும் புழங்குகிறது, ராமநாதபுரம் மாவட்டத் தொண்டியில் வள்ளங்களுக்கு நடத்துவதும் பாய்மரப் படகுப் போட்டிதான். சிறியதற்கு அதுவே போதும். கமாஞ்சி அளவுக்குப் போனால் 'படகு' கொஞ்சம் இடிக்கிறது, அதனால் நான் 'பந்தயப் பாய்க்கலம்' என்று எழுதுவேன். கலம் பழைய சொல், விண்கலம் வழியாக இன்றும் உயிரோடு இருக்கிறது. இயந்திரத்தில் ஓடி விருந்து வைக்கும் மாளிகைக்கு உல்லாசப் படகு என்றே இருக்கட்டும், அதற்குப் பாயும் கிடையாது, பந்தயமும் கிடையாது.