கிழக்கு: கீழே பிறந்து மேலே விழுபவனின் திசை

"கீழே பிறப்பான், மேலே விழுவான். யாரு?"

சின்ன வயதில் எங்கள் ஆச்சி போட்ட விடுகதை இது. பந்து, பட்டம், மாங்காய் என்று நாங்கள் என்னென்னவோ சொல்லிப் பார்த்தோம். மேலே போனது கீழேதானே விழும், மேலேயே போய் எப்படி விழும்? அரை மணி நேரம் தவிக்க விட்டு, "தோத்துட்டியளா? சூரியன்லா!" என்று சிரித்தாள். கீழ்த்திசையில் பிறக்கிறான், மேல்திசையில் விழுகிறான். அவ்வளவுதான் விஷயம்.

அன்றைக்கு இது ஏமாற்று வேலையாகத்தான் பட்டது. கிழக்கு எப்படிக் கீழே ஆகும்? அதற்குப் பல வருடம் கழித்துத்தான், ஆச்சி சொல்லை முறுக்கவே இல்லை என்று புரிந்தது. முறுக்கு கிழக்கு என்ற பெயருக்குள்ளேயே இருக்கிறது.

கிழக்கு என்ற சொல்லின் வேர் கீழ். மேற்கின் வேர் மேல். மேல் என்பதோடு கு சேரும்போது லகரம் றகரமாகி மேற்கு ஆகிறது, தென் என்பதோடு சேரும்போது னகரம் றகரமாகித் தெற்கு ஆகிறது. கீழ் குறுகிக் கிழக்கு. வேறு சொல்லோடு சேரும்போது இந்த வேர் மறுபடி வெளியே வந்துவிடும். தெற்கும் கிழக்கும் சேர்ந்தால் 'தெற்குக்கிழக்கு' என்று யாரும் சொல்வதில்லை, தென்கிழக்குதான். மேற்கு நாடு மேல்நாடு, கிழக்கில் இருப்பது கீழைநாடு. நன்னூல் இதற்குத் தனியாக ஒரு சூத்திரமே வைத்திருக்கிறது.

மதுரைக்குப் போனவர்களுக்குக் கீழமாசி வீதியும் மேலமாசி வீதியும் தெரியும். கீழமாசி வீதி பள்ளத்திலும் மேலமாசி வீதி மேட்டிலும் இருப்பதாக நினைத்துக்கொண்டு போனால் ஏமாற்றம்தான். கோயிலுக்குக் கிழக்கே இருப்பது கீழ, மேற்கே இருப்பது மேல. தமிழ்நாட்டில் பாதி ஊர்களில் இப்படி ஒரு கீழத்தெருவும் மேலத்தெருவும் இருக்கும்.

சரி, கிழக்கை ஏன் கீழ் என்றார்கள்? நிலம் அப்படிச் சாய்ந்திருக்கிறது. மேற்கே மேற்குத் தொடர்ச்சி மலை சுவர்போல நிற்கிறது. அங்கிருந்து தரை படிப்படியாகத் தாழ்ந்து வங்கக் கடலில் முடிகிறது. காவிரி, வைகை, தாமிரபரணி எல்லாமே மேற்கில் பிறந்து கிழக்கே ஓடுகின்றன. வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சுகிறவனுக்கு மேற்கு என்பது மடை திறக்கும் மேட்டுப் பக்கம், கிழக்கு என்பது தண்ணீர் போய்ச் சேரும் பள்ளம். வேறு பெயர் எதற்கு?

அக்கம்பக்கத்து மொழிகள் இப்படிப் போகவில்லை. கன்னடத்தில் கிழக்கு 'மூடண', மேற்கு 'படுவண'. மூடுவது என்றால் அங்கே உதிப்பது, படுவது மறைவது. தெலுங்கில் மேற்கு 'படமர', அதிலும் படுதல்தான் இருக்கிறது. அவர்கள் சூரியனைப் பார்த்துப் பெயர் வைத்தார்கள். வடமொழிக்காரர்கள் சூரியனைப் பார்த்து நின்றுகொண்டு தங்கள் உடம்பையே அளவாக வைத்தார்கள். முன்னால் இருப்பது பூர்வம், பின்னால் இருப்பது பச்சிமம், வலக்கைப் பக்கம் தட்சிணம். கோயிலில் பிரதட்சணம் வருகிறோமே, அது வலம் வருவதுதான், அதே சொல். தக்காணமும் அதிலிருந்து வந்ததே. அவர்களுடைய வடக்கான உத்தரத்துக்கு உயர்ந்தது என்ற பொருளும் உண்டு. ஆக அவர்களுக்கு மேல் என்பது வடக்கு, நமக்கு மேல் என்பது மேற்கு. நம் வீட்டு உத்தரமோ கூரைக்குக் கீழே குறுக்காகக் கிடக்கும் மரம். "வீட்டுக்குள்ளே தூக்கி வைத்த வடக்கு எது?" என்று நானே ஒரு விடுகதை கட்டி வைத்திருக்கிறேன். வடமொழி தெரிந்தவர்கள் மட்டும் சிரிப்பார்கள்.

கேரளத்துக்குப் போனால் வேடிக்கை கூடுகிறது. அங்கே மலை கிழக்கே, கடல் மேற்கே. தண்ணீர் மேற்குப் பக்கமாகத்தான் ஓடும். அப்படியிருந்தும் மலையாளத்தில் கிழக்கின் பெயர் கிழக்குதான்! மலை உச்சியைக் காட்டி 'கீழ்ப்பக்கம்' என்று சொல்வதுபோல இருக்கிறது. இடையன்குடியில் வாழ்ந்த கால்டுவெல் 1856-இல் வெளியிட்ட தம் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கண நூலில் இதைப் பிடித்துக்கொண்டார். இந்தச் சொல் மலைக்குக் கிழக்கே இருந்தவர்களிடம்தான் பிறந்திருக்க முடியும், அவர்களோடு சேர்ந்து மலை தாண்டிப் போயிருக்கிறது என்பது அவருடைய வாதம். மேற்கு விஷயத்தில் மட்டும் மலையாளிகள் சுதாரித்துக்கொண்டார்கள். 'படிஞ்ஞாறு' என்கிறார்கள். ஞாயிறு படும் இடம். அவ்வளவு தூரம் போவானேன், நம் கன்னியாகுமரி மாவட்டத்திலேயே குழித்துறையைத் தொட்டு ஓடும் இன்னொரு தாமிரபரணி அரபிக்கடலைப் பார்த்துத்தான் போகிறது. அந்த ஆற்றங்கரையில் நின்று ஆச்சியின் விடுகதையைப் போட்டால், சூரியன் நிஜமாகவே மலைப்பக்கம் பிறந்து பள்ளத்தில் விழுவான். விடுகதை தலைகீழாகிவிடும், விடை மட்டும் மாறாது.

சூரியனை வைத்துப் பெயர் சொல்லும் வழக்கம் தமிழில் இல்லவே இல்லை என்று நினைத்துவிடக் கூடாது. இலங்கையில் மட்டக்களப்பு வாவிக்குக் கிழக்கே இருக்கும் பகுதி எழுவான்கரை, மேற்கே இருக்கும் பகுதி படுவான்கரை. எழுகிறவன் ஒரு கரையில், படுகிறவன் மறு கரையில். ஆச்சியின் விடுகதை அங்கே ஊர்ப் பெயராகவே கிடக்கிறது.

இன்னொரு கேள்வி வரும். கீழும் மேலும் திசையாகிப் போவதற்கு முன்னால் கிழக்கையும் மேற்கையும் என்ன சொன்னார்கள்? குணக்கு, குடக்கு. குணகடல் என்றால் கிழக்குக் கடல், குடகடல் என்றால் மேற்குக் கடல். குடகு மலையின் பெயர்கூட இந்தக் குடக்கிலிருந்து வந்தது என்று சொல்வார்கள். பாண்டியன் முதுகுடுமிப் பெருவழுதியைக் காரிகிழார் பாடிய புறநானூற்றுப் பாட்டு ஒன்று இருக்கிறது, ஆறாவது பாட்டு. அவன் புகழுக்கு எல்லை கட்ட வருகிறார். வடக்கே பனிமலை, தெற்கே குமரி, குணக்கே கடல், குடக்கே பழைய பெருங்கடல் என்று நான்கையும் சொல்லி முடித்துவிட்டு, 'கீழது' என்று நிலத்தையும் 'மேலது' என்று ஆனிலை உலகம் என்னும் மேலுலகத்தையும் தனியாகச் சொல்கிறார். ஆறு திசையும் ஒரே பாட்டில். அங்கே கீழ் கீழாகவே இருக்கிறது, கிழக்கோடு குழப்பிக்கொள்ளவில்லை. அந்தப் பாட்டு மட்டுமே தெரிந்த ஒருவரிடம் ஆச்சியின் விடுகதை செல்லாது. குணக்கும் குடக்கும் பேச்சிலிருந்து விலகி, கீழும் மேலும் அந்த இடத்தைப் பிடித்துக்கொண்ட பிறகுதான் விடுகதைக்கு வழி பிறந்தது.

நான் இதில் நேரடியாகவே அடிபட்டிருக்கிறேன். ஐந்தாம் வகுப்பில் தாளில் நான்கு திசையைக் குறிக்கச் சொன்னார்கள். தாளின் மேல்பக்கம் மேற்கு என்று எழுதினேன், கீழ்ப்பக்கம் கிழக்கு. பெயரே சொல்லுகிறதே! ஆசிரியர் சிவப்பு மையால் ஒரு பெரிய பெருக்கல் குறி போட்டார். வரைபடத்தில் மேல்பக்கம் வடக்கு என்பது பிற்காலத்தில் வந்த ஏற்பாடு, அதைத் தமிழ்ச் சொல்லின் தலையில் கட்டினால் பிள்ளைக்குக் குழப்பம் வரத்தான் செய்யும். இன்றைக்கும் அந்த மதிப்பெண் எனக்கு வரவேண்டியது என்றே நினைக்கிறேன்.

அப்புறம், இந்த வகை விளையாட்டுக்கு என்ன பெயர்? பொதுவாகச் சிலேடை என்கிறோம். அது வடமொழி சிலேஷத்திலிருந்து வந்தது, ஒட்டிக்கொள்வது என்று பொருள். ஒரே சொல்லில் இரண்டு பொருள் ஒட்டியிருப்பதால் அந்தப் பெயர். தமிழில் இரட்டுறமொழிதல் என்பார்கள். காளமேகப் புலவர் கொடிகட்டிப் பறந்த துறை. இரண்டு பொருள் படும்படி சொல்வது என்று அந்தப் பெயரே விளக்கமாகவும் இருப்பதால் எனக்கு இதுதான் பிடிக்கும். விடுகதைக்குத் தொல்காப்பியர் சொல்லும் பெயர் பிசி. ஒப்புமையால் வருவது, ஒன்றின் குறிப்பைச் சொல்லி அதைக் கண்டுபிடிக்க வைப்பது என இரண்டு வகை என்கிறார். யாழ்ப்பாணத்தில் நொடி என்பார்கள், தென் மாவட்டங்களில் அழிப்பான்கதை என்றும் கேட்டிருக்கிறேன்.

திசையை வைத்துக் கேட்கிற எல்லாமே இரட்டுறமொழிதல் ஆகிவிடாது. "மின்சார ரயில் வடக்கே போகிறது, காற்று தெற்கே வீசுகிறது, புகை எந்தப் பக்கம் போகும்?" என்பது வெறும் கண்ணி. மின்சார ரயிலில் ஏது புகை? "நான்கு சுவரும் தெற்குப் பார்த்த வீடு எங்கே?" என்றால் வடதுருவத்தில், அது பூகோளக் கணக்கு. வாஸ்து பார்க்கிறவர் அங்கே என்ன செய்வார் என்பது தனிக் கேள்வி. சொல்லே கதவைத் திறந்து விடவேண்டும், அப்போதுதான் நம் கணக்கில் சேரும். "எந்தத் திசையில் போனால் வடை கிடைக்கும்? வட திசை" என்று பள்ளிப் பிள்ளைகள் சொல்வது அந்த வகைதான். மட்டமான வகை, ஆனால் வகை அதுதான். ஆங்கிலத்தில் நான்கு திசைகளின் முதல் எழுத்தைச் சேர்த்தால் நியூஸ் வருகிறது, அதனால்தான் செய்திக்கு அந்தப் பெயர் என்று வாட்ஸ்அப்பில் வருமே, அதை மட்டும் நம்பாதீர்கள். புதியவை என்ற பொருளில் வந்த சொல் அது. எழுத்துப் பொருந்தியது தற்செயல்.

நம் பெயர்களில் பழுத்த விடுகதைகள் இருக்கின்றன. "வடக்கே பார்த்து உட்கார்ந்தவன் தெற்கே போய்ச் சேர்ந்தான், எப்படி?" கோப்பெருஞ்சோழனை நினைத்துக்கொண்டால் விடை வந்துவிடும். உண்ணாமல் வடக்கு நோக்கி அமர்ந்து உயிர் விடுவது வடக்கிருத்தல். அப்படிப் போனவர்கள் தென்புலத்தார் ஆகிறார்கள், இறந்த முன்னோரைக் குறள் சொல்லும் பெயர் அது. "தலையை வடக்கே வைத்துப் படுக்காதே" என்று வீட்டில் இன்றும் அதட்டுகிறார்களே, வடக்கைக் கண்டு நமக்கு இருக்கும் பயம் பழசு.

அந்தத் தென்புலத்தாரில் வரும் புலம்தான் திசைக்கான தமிழ்ச் சொற்களில் ஒன்று. மாதிரம் என்றும் சங்கப் பாட்டுகளில் வரும். திசை, திக்கு இரண்டும் வடமொழி வழியாக வந்தவை என்பது பொதுக் கருத்து. அதற்காகத் திசையைத் தூக்கிப்போட்டு மாதிரம் என்று பேச நான் தயாரில்லை. "எத்திசைச் செலினும் அத்திசைச் சோறே" என்று ஔவையாரே புறநானூற்றில் பாடிவிட்டார், அதற்கு மேல் யாரிடம் அனுமதி வாங்க வேண்டும்? ஒரு எச்சரிக்கை மட்டும்: திசைச்சொல் என்று எழுதினால் இலக்கணம் படித்தவர்கள் கிழக்கு மேற்கை நினைக்க மாட்டார்கள். சுற்றுப்புறப் பகுதிகளிலிருந்து செந்தமிழுக்குள் வந்த சொல் என்றுதான் எடுத்துக்கொள்வார்கள். திசையைக் காட்டும் காம்பஸுக்குத் திசைகாட்டி என்ற நல்ல பெயர் புழக்கத்தில் இருக்கிறது. கணக்குப் பெட்டியில் வட்டம் போடுகிற காம்பஸ் வேறு, அது கவராயம்.

காற்றுக்கு வந்தால் விளையாட்டுக்கு அளவே இல்லை. தெற்கிலிருந்து வருவது தென்றல், வடக்கிலிருந்து வாடை, கிழக்கிலிருந்து கொண்டல், மேற்கிலிருந்து கோடை. நான்கில் மூன்று இரட்டைப் பொருள் உள்ளவை. கொண்டல் மேகமும் ஆகும், கோடை வெயில் காலமும் ஆகும். வாடை என்றால் பேச்சில் நாற்றம். "மூக்குக்குத் தெரியாத வாடை, உடம்புக்குத் தெரியும் வாடை, எது?" என்று மார்கழியில் போர்வைக்குள் கிடந்துகொண்டு கேட்கலாம்.

இதைவிட நல்லதை ஓர் ஈழத்து நண்பர் எனக்குப் போட்டார். அங்கே மேற்குப் பக்கமிருந்து வீசும் காற்றின் பெயர் கச்சான். நாம் வேர்க்கடலை என்று சொல்வதும் அவர்களுக்குக் கச்சான்தான்.

"வறுக்க முடியாத கச்சான் எது?" என்று கேட்டார். நான் பச்சைக் கடலை என்றேன்.