சப்ளை வோல்டேஜக் கொறச்சா பவர் கொறஞ்சிருமாங்க?

போன வாரம் கோயமுத்தூர்ல ஒரு காலேஜ் ப்ராஜெக்ட் ரிவ்யூக்குக் கூப்புட்டிருந்தாங்க. பசங்க நல்ல ஐடியாதான் புடிச்சிருந்தாங்க, ஆனமலைப் பக்கம் தென்னந்தோப்புல மண்ணு ஈரம் பாக்கற சென்சார், ஒத்த பென்சில் செல்லுல ஓடணும், அதுக்கு 180 நானோமீட்டர் ப்ராசஸ்ல (சிப்பு செய்யற மொறை) சிக்னலப் பெருசாக்கற ஒரு ஆம்ப்ளிஃபயர். சர்க்யூட் படத்தத் தொறந்தா டெலஸ்கோப்பிக் கேஸ்கோடு, அதாவது சப்ளைக்கும் கிரவுண்டுக்கும் நடுவுல அஞ்சு டிரான்சிஸ்டர் ஒண்ணு மேல ஒண்ணு. இந்த வருசம் நான் பாக்கற ஆறாவது. செல்லு புதுசுல 1.5 வோல்ட், தீரப்போறப்ப 0.9, நீ 0.9ல ஓட்டிப் பாத்தியா கண்ணுன்னு கேட்டா, "இல்லீங்க சார், 1.5ல நல்லா வருதுங்க, வோல்டேஜ் கொறஞ்சா பவர் இன்னும் கொறையுமுங்க, நல்லதுதானுங்களே"ங்கறான்.

இந்த ஒத்த வரியக் கேட்டுக் கேட்டு என்ற காது புளிச்சுப் போச்சு.

டிஜிட்டல்ல அது சரி, ஸ்விட்ச் ஆகற பவர் வோல்டேஜோட வர்க்கத்துல எறங்கும். சிக்னல் தொடர்ச்சியா ஏறி எறங்கற அனலாக்ல அப்புடி இல்லீங்க. பொள்ளாச்சி சந்தையில நின்னுட்டு நீங்க கொரலத் தாழ்த்துனா சந்தை எரைச்சலும் கூடவே தாழுமா? சிக்னல்தான் சின்னதாச்சு, நாய்ஸ் அங்கயேதான் நிக்குது. இந்த ப்ராசஸோட வழக்கமான 1.8 வோல்ட்ல டிரான்சிஸ்டர்களுக்கு 0.4 விட்டா ஸ்விங்குக்கு, சிக்னல் ஏறி எறங்கற எடத்துக்கு, 1.4 இருக்கும். 0.9ல அதே 0.4 போனா மிச்சம் 0.5தான், ஏறக்குறைய மூணுல ஒரு பங்கு. பழைய சிக்னல்-நாய்ஸ் அளவையே புடிக்கோணும்னா நாய்ஸ அமுக்கற கெப்பாசிட்டர் அந்த 2.8 மடங்கோட வர்க்கம், எட்டு மடங்கு ஆகோணும், அதே ஸ்பீடு வேணும்னா கரண்டும் எட்டு மடங்கு, வோல்டேஜ் பாதி, ஆக பவர் நாலு மடங்கு. ஏறுது சாமி, எறங்கல.

டிரான்சிஸ்டர் தொறக்கத் தேவைப்படற வோல்டேஜ், அதான் த்ரெஷோல்டு, அதுவும் கூடவே எறங்கிக்கும்னு ஒரு நெனப்பு வேற. கூரைய எறக்கி மேஞ்சா உள்ள இருக்கற ஆளு குட்டையாயிருவானா? த்ரெஷோல்ட 100 மில்லிவோல்ட் எறக்குனா லீக்கேஜ், மூடியிருக்கறப்பவும் ஒழுகற கரண்டு, பத்து மடங்கு கூடிப்போகும், செல்லு தோப்புல சும்மா கெடந்தே தீந்துரும். அதனால 0.45 பக்கம்தான் நிக்கும்.

இந்தப் பையனோட சென்சார் சிக்னல நட்டநடுவுல 0.45ல குடுக்குது, வாங்கறது என்மாஸ் (உள்ள வர்ற வோல்டேஜ் ஏறுனா தொறக்கற டிரான்சிஸ்டர்) ஜோடி. த்ரெஷோல்ட் 0.45, அது மேல 0.1, ஜோடிக்குக் கரண்டு குடுக்கற டெயில் டிரான்சிஸ்டருக்கு 0.1, ஆக 0.65 இல்லாம அது கண்ணே தொறக்காது. அதுக்குத் தலைகீழா, வோல்டேஜ் எறங்குனா தொறக்கற பிமாஸ் ஜோடியும் சேத்துப் போட்டா சரியாயிருமாங்கன்னான், அது மேல இருந்து அதே 0.65 கேக்கும், நடுவுல ரெண்டும் தூங்கும். சென்சார் அவுட்புட்டக் கிரவுண்டுப் பக்கம் எறக்கிட்டு பிமாஸ் ஜோடி மட்டும் போடு, கேஸ்கோட மடிச்சு, அடுக்கப் பக்கத்துல பிரிச்சு வையி, வேலை முடிஞ்சுது.

வீடியோ பாத்துட்டு கண்ட்ரோல் முனையான கேட்டுக்குப் பதிலா பல்க்ல, அதாவது டிரான்சிஸ்டரோட அடி உடம்புல, சிக்னல் குடுக்கறோமுங்கறவங்களுக்கு: சாதா என்-வெல் ப்ராசஸ்ல பிமாஸுக்கு மட்டும்தான் தனிக் கிணறு (வெல்), என்மாஸ் எல்லாத்துக்கும் அடித்தட்டான சப்ஸ்ட்ரேட் பொது, அதனால பிமாஸுக்கு மட்டும்தான் இது நடக்கும். கேட்டுல கெடைக்கற ட்ரான்ஸ்கண்டக்டன்ஸ்ல (வோல்டேஜ் மாறுனா கரண்டு எவ்வளவு மாறுங்கற அளவு) அஞ்சுல ஒரு பங்கோ மூணுல ஒரு பங்கோதான் வரும், நாய்ஸ் அந்த அளவுக்கு ஏறும். அப்பவும் வேணும்னா சுத்தி ஒரு காவல் வளையம், கார்ட் ரிங், போடுங்க, தயவு பண்ணி, லேட்சப் ஆன, உள்ளுக்குள்ளயே ஷார்ட்டாகிப் புடிச்சுக்கிட்ட, சிப்பைப் பாத்து அழுதவங்கள எனக்குத் தெரியும்.

அப்புறம் சிமுலேட்டரத் தொறக்கறதுக்கு முன்னாடி பேப்பர்ல ஹெட்ரூம் கணக்கு, எந்த டிரான்சிஸ்டருக்கு எத்தன வோல்ட்டுன்னு, போடுங்க. டிரான்சிஸ்டர வீக் இன்வெர்ஷன்ல, த்ரெஷோல்டுக்குக் கீழ அரைகொறையாத் தொறந்து, ஓட்டுனா ஒண்ணுக்கு 100 மில்லிவோல்ட்ல ஒப்பேத்தலாம், ஸ்பீடு போகும், மண்ணு ஈரத்துக்கு எதுக்குங்க ஸ்பீடு? டிப்பிக்கல் 27 டிகிரி ரிசல்ட்ட எங்கிட்டக் கொண்டாராதீங்க. ஸ்லோ கார்னர் (டிரான்சிஸ்டர் மந்தமா வந்த சிப்பு), மைனஸ் 40, தீந்துபோன செல்லு, மூணையும் ஒண்ணா வெச்சு ஓட்டுங்க. "பொள்ளாச்சியில ஏதுங்க சார் மைனஸ் 40"ன்னு ஒருத்தன் சிரிச்சான். சிப்பு பொள்ளாச்சியில மட்டுமா விக்கப்போகுது? அந்தக் குளுருல த்ரெஷோல்ட் 60, 70 மில்லிவோல்ட் ஏறும், 0.9ல அது ஒரு டிரான்சிஸ்டரோட பங்கு.

நேத்து ராத்திரி அந்தப் பையன் பேப்பர் கணக்க போட்டோ எடுத்து அனுப்பியிருந்தான். டெயிலுக்கு 0.1 விட்டிருக்கான், பிமாஸ் ஜோடி, மடிச்ச கேஸ்கோடு, எல்லாஞ் சரி. குளுரு கார்னர மட்டும் மறுபடி விட்டுட்டான்.